அழுகை மட்டும் உன்னுடையது

கைன்டன்,
21 பிப்ரவரி 1993

அன்பு மகள் மெரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ ஜீலாங் விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. அம்மா நலம். நம் நாய் ஸ்பட்டும் நலம். உன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது, விரட்டினால் முறைக்கிறது. வெயில் கொளுத்துகிறது. அம்மா போட்ட தக்காளி முழுக்க வெம்பிவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்பது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் டிவி தொடரின் கதைவசனத்தைப் படித்துப் பார்த்து, சிட்னியில் இருக்கும் ஒளிபரப்பு வாரிய அலுவலகம், குழந்தைகள் நிகழ்ச்சி என்பதற்கான 'சி' முத்திரையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டது. இனி எடுத்த படத்தையே அனுப்பி நிரந்தர முத்திரை வாங்க வேண்டும். அதுதான் கண்டம். இது குழந்தைகளுக்கென்றே எடுத்ததா, ஒழுங்காக எடுத்திருக்கிறதா, பார்க்கிற பிள்ளையை வீணாகப் பயமுறுத்துமா என்றெல்லாம் ஒவ்வொரு பகுதியாகக் குடைவார்கள். முத்திரை விழுந்தால் சேனல் வாங்கிக்கொள்ளும். அந்த மாதிரி நிகழ்ச்சி வருடத்துக்கு இத்தனை மணி நேரம் காட்டியே ஆக வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. விழாவிட்டால் அப்பா மறுபடி கல்யாண வீடியோ எடுக்கப் போக வேண்டியதுதான். ஐம்பது வயதில் அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்.

அடுத்த செய்தியைக் கேட்டு நீ மூஞ்சியைக் காட்டக் கூடாது. சேனலின் டோயில் வந்து நாம் எடுத்ததையெல்லாம் பார்த்தார். "உம் பொண்ணு நல்லாத்தான் பண்றா லின்ட்சே, ஆனா மூஞ்சியப் பாத்தா பல்லு புடுங்க வந்து உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உனக்கும் வரும் என்று நினைக்கிறேன். நாலாம் பகுதி எடுத்த பிறகு கேமரா முன்னால் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது நீதானே? அதனால் பெண்டிகோவிலிருந்து கிர்ஸ்டி என்று ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கும்போதுகூடச் சிரிக்கிறாள். 'மெரினும் ஸ்பட்டும்' இனி 'கிர்ஸ்டியும் ஸ்பட்டும்'. நாயை மட்டும் மாற்ற வேண்டாம் என்று டோயில் சொல்லிவிட்டார். நடிப்பு அதற்கு நன்றாக வருகிறதாம்.

கிர்ஸ்டியிடம் ஒரே ஒரு குறை. அழத் தெரியவில்லை. வெங்காயம் வைத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சிரிக்கிறாள். கடைசியில் அவள் முகத்தைக் காட்டி, நாலாம் பகுதியில் நீ அழுத சத்தத்தை அதன்மேல் ஒட்டிவிட்டோம். ஒட்டியது தெரியவே இல்லை. ஆக, அழுகை மட்டும் உன்னுடையது. பெருமைப்பட்டுக்கொள்.

அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. "ஸ்பட் பால் லாரியில அடிபட்டுடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, தக்காளி சாஸ் பூசிய அதன் சிவப்புக் கழுத்துப்பட்டியை உன் கையில் கொடுத்தேனே! என்ன ஓர் அழுகை! இந்த நாட்டில் எந்த நடிகைக்கும் அது வராது. ஸ்பட் வேனுக்குப் பின்னால் கட்டிப் போட்டபடி சாசேஜ் தின்றுகொண்டிருந்தது உனக்குத் தெரிந்ததும், வந்து என் கையைக் கடித்துவிட்டாய். தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வேடிக்கை. படத்தொகுப்பு அறையில் உன் அழுகையைப் போட்டால் ஸ்பட் எழுந்து ஒலிபெருக்கிக்குப் பின்னால் போய்ப் பிராண்டுகிறது, உன்னைத் தேடுகிறது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நிறுத்திப் போட்டு, நிறுத்திப் போட்டுப் பார்த்தோம்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இத்துடன், கிர்ஸ்டியை வைத்துத் திரும்ப எடுத்த நாலாம் பகுதியின் வீடியோ கேசட் அனுப்பியிருக்கிறேன். விடுதித் தோழிகளோடு உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதுவது போல சிட்னிக்கு ஒரு கடிதம் போடு. படம் மிகவும் பிடித்தது என்று எழுது. பிள்ளைகள் எழுதினால் அங்கே மதிப்பு. என் பெயர் வர வேண்டாம். அம்மா வீட்டுப் பெயரான டிரெகேர் என்று கையெழுத்துப் போடு.

நன்றாகச் சாப்பிடு, கொஞ்சம் சிரித்துப் பழகு.

அன்புடன்,
அப்பா


கைன்டன்,
21 மார்ச் 1993

மெரினுக்கு,

உன் கைங்கரியம் சிட்னி போய்ச் சேர்ந்துவிட்டது. உன் கடிதத்தின் நகலை அவர்கள் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். படம் பிடித்திருக்கிறது என்று முதல் வரி. நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாய் என்று நம்பி அடுத்த வரிக்குப் போனேன். அழுவது கிர்ஸ்டி இல்லை, நான்தான், நாய் செத்துவிட்டதாக அப்பா சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். கீழே மெரின் டிரெகேர் என்று போட்டு, அதை அடித்துவிட்டு என் குடும்பப் பெயரோடு மெரின் புரௌஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது வீண் போகவில்லை.

அலுவலகம் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது. இந்த அழுகை எப்படி வரவழைக்கப்பட்டது, அப்போது குழந்தையிடம் என்ன சொல்லப்பட்டது என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம். அதுவரை விண்ணப்பம் நகராது. டோயில் போனில் கத்துகிறார். "பெத்த பொண்ணயே சமாளிக்கத் தெரியல, நீயெல்லாம் ஊர்ப் புள்ளைங்களுக்குப் படம் எடுக்க வந்துட்ட!" என்றார். இந்தப் பேச்சை எனக்கு வாங்கிக் கொடுத்தது நீ.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள், மடித்தாள், "எம் பொண்ணு உண்மையத்தான எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். சிட்னிக்கு மறுபடி எழுது. நாய் உயிரோடு இருப்பது எனக்கு முன்பே தெரியும், நான் நடித்தேன், வாய்ப்புப் போன பொறாமையில் அப்படி எழுதிவிட்டேன் என்று எழுது. எனக்கு அனுப்பு, நான் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்க்கிறேன். நானும் என் பங்குக்கு அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கப் போகிறேன். கிர்ஸ்டி அழும்போது பக்கத்திலேயே ஸ்பட் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எந்தக் குழந்தையும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பட்டின் போட்டோ அனுப்பச் சொல்லி எனக்குத் தனியாக எழுதியிருந்தாய். அது இப்போது இங்கே இல்லை. பழகட்டும் என்று கிர்ஸ்டி வீட்டில் விட்டிருக்கிறேன். அவள் கட்டிலில்தான் தூங்குகிறதாம், அவள் கூப்பிட்டால் ஓடுகிறதாம். நாய்க்கு என்ன, சோறு போட்டவர் பக்கம். ஈஸ்டர் விடுமுறைக்கு நீ வரும்போது அது இந்த வீட்டில் இருக்குமா, பெண்டிகோவில் இருக்குமா என்பது உன் கடிதத்தைப் பொறுத்தது. யோசித்துக்கொள்.

அப்பா


கைன்டன்,
6 ஏப்ரல் 1993

என் கண்ணு மெரினுக்கு,

போனில் நான் சொன்னதை நீ நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

போன வாரம் பழைய இடத்திலேயே, பால் பண்ணை ரோட்டில், படப்பிடிப்பு வைத்தேன். ரோட்டின் இந்தப் பக்கம் கிர்ஸ்டியும் ஸ்பட்டும். அழுகைச் சத்தத்துக்கு ஏற்றபடி கிர்ஸ்டி தோளைக் குலுக்க வேண்டும், அதனால் படத்தில் விழாமல் எதிர்ப்பக்க வேலியோரம் ஒலிபெருக்கியை வைத்தோம். உன் அழுகையைப் போட்டார்கள். ஸ்பட் காதைத் தூக்கியது. கிர்ஸ்டி அதன் பட்டியைப் பிடித்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு அவள் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அது ரோட்டைப் பார்க்கவே இல்லை, உன் சத்தத்தை நோக்கி ஓடியது. பால் லாரி வந்துகொண்டிருந்தது.

ஸ்பட்டுக்கு உடனே உயிர் போய்விட்டது. வலித்திருக்காது என்று டிரைவர் சொன்னார். ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, நீ அழுதுகொண்டே இருந்தாய்.

கிர்ஸ்டி அழுதாள். இந்தத் தடவை அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை சிட்னிக்கு அனுப்பலாமா என்று டோயில் கேட்கிறார். "இப்பதான்யா ஒழுங்கா அழுவுறா" என்கிறார். நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

உங்கள் தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்ததும் நான் சொன்னேன், ஸ்பட் பால் லாரியில் அடிபட்டுவிட்டது என்று. வேறு எப்படிச் சொல்வது? நடந்தது அதுதானே. அப்புறம் நீ கேட்டாய்: "அப்பா, கேமரா எங்க இருக்கு? டீச்சர் ரூம்லயா?"

அந்தக் கேள்வியோடு என்னால் தூங்க முடியவில்லை மெரின்.

அதற்குத்தான் அம்மாவை உன்னிடம் அனுப்பினேன். அவள் ஒருநாளும் உன்னிடம் பொய் சொன்னதில்லை, அவள் சொன்னால் நம்புவாய் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தாள். காரைவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். உன் முன்னால் அவள் அழுதபோது நீ அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாயாம். "கிர்ஸ்டிய விட நீ நல்லா நடிக்கிறம்மா" என்றாயாம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் பெட்டியில் துணி எடுத்து வைக்கிறாள். ஜீலாங்கில் உன் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறாளாம். நான் தடுக்கவில்லை, தடுத்தாலும் நிற்க மாட்டாள்.

ஸ்பட்டின் கழுத்துப்பட்டியை உனக்கு அனுப்பலாமென்று கையில் எடுத்தேன். அதன்மேல் கறை இருக்கிறது. எடுத்த கையோடு திரும்ப வைத்துவிட்டேன். கறை படிந்த பட்டியை உன் கையில் நான் ஏற்கெனவே ஒருதரம் கொடுத்தாகிவிட்டது.

ஸ்பட்டைக் கொல்லை மரத்தடியில் புதைத்திருக்கிறேன். நீ வந்தால் காட்டுவேன். வெறும் மண்மேட்டைக் காட்டி ஏமாற்றுகிறேன் என்பாய், அதுவும் எனக்குத் தெரியும். தோண்டிக் காட்டவா என்றுகூட ஒரு யோசனை வந்தது. என் புத்தி இன்னும் அப்படித்தான் போகிறது.

சிட்னிக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். எழுதினாலும் உன் இஷ்டம். விடுமுறைக்குக்கூட அம்மாவிடம் போ, இங்கே வர வேண்டாம். விடுதியில் நீ நன்றாகச் சாப்பிடுவதாகவும், யாரிடமும் முகம் சுளிப்பதில்லை என்றும், எப்போதும் சிரித்தபடி இருப்பதாகவும் தலைமையாசிரியை சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்காக இல்லை, அந்த நாய்க்காக ஒரே ஒரு தடவை அழுதுவிடு மகளே. யாரும் பதிவு செய்யவில்லை.

அப்பா