டாக்குத்தர் கேட்ட கேள்வி

786

மருதமுனை
12.10.1954

கண்ணியத்துக்குரிய மச்சான் அவர்களுக்கு நாச்சியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பதுளையில் உங்கள் உடம்புக்கும் கடை வேலைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருப்பானாக. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரி வரவில்லை.

போன கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் றாஹிலாவுக்கு இன்னொரு தரம் அந்த மந்திரக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். ஐந்து நேரமும் தொழுது துஆ கேட்கிறேன். ஆனால் அந்த மனிதரை இனி இந்த வளவுக்குள் விட மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் லீவு முடிந்து பயணம் போன மறுநாள் நடந்ததை நான் உங்களுக்கு முழுதாக எழுதவில்லை. மந்திரக்காரர் வந்து மிளகாய்ப் புகை போட்டார். பிள்ளை இருமி இருமிச் சுருண்டு, அதிலேயே வலிப்பு வந்துவிட்டது. ஜின் கதைக்கப் பார்க்கிறது என்றார். பல் கிட்டியிருக்கிறது என்று பெட்டி பூட்டும் இரும்புத் திறப்பை வாய்க்குள் விட்டு நெம்பினார். முன்பல் ஒன்று உடைந்தது. பிறகு கத்தியைக் காய்ச்சி உள்ளங்காலில் வைத்தார். அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, நான்தான்.

ஏன் பிடித்தேன் தெரியுமா? குற்றம் என்னுடையது என்று நம்பினேன். ஹஜ்ஜுப் பெருநாளன்று பிள்ளை உங்கள் கண்முன்னே விழுந்து துடித்தபோது, என் உம்மாவுக்கும் அயல் பெண்களுக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: “மஃரிபுக் கருக்கல் நேரத்துல புள்ளயக் கிணத்தடிக்குக் கூட்டிப் போகாத எண்டு எத்தின தரம் செல்லியிருப்பன்? இப்ப பாத்தியா?” அந்த வார்த்தைக்காக நான் ஏழு நோன்பு பிடித்தேன். உம்மா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. என் கூடப்பிறந்த நானா முகம்மது தம்பியின் பெண்சாதி தன் பிள்ளைகளை இந்தப் பக்கமே விடுவதில்லை.

சுட்ட காயம் சீழ் பிடித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். பார்க்க வந்த உங்கள் தங்கை ஹப்ஸா, “இத வச்சிட்டு இரிக்காதீங்க மச்சி, வாங்க போவம்” என்று வண்டி பிடித்து எங்களைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா.

டாக்குத்தர் வயதானவர். காயத்தைப் பார்த்ததும் கோபப்பட்டார். பிறகு வலிப்பைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். இது பேயும் இல்லை, கண்ணூறும் இல்லை, தாய் செய்த பிழையும் இல்லை என்றார். மூளையில் இடைக்கிடை வரும் ஒரு கோளாறாம். வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, கழுத்துச் சட்டையைத் தளர்த்திவிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாதாம், கையையும் காலையும் அமுக்கக் கூடாதாம். விழுங்கக் குளிசை தந்தார். ஒரு நாளும் தவறாமல் கொடுக்க வேண்டும், நன்றாக இருக்கிறாள் என்று நாமாக நிறுத்தக் கூடாது என்றார்.

கடைசியாக, “உங்கட பக்கத்திலயோ புருசன்ட பக்கத்திலயோ யாருக்கும் சின்ன வயசில இது இருந்ததா?” என்று கேட்டார். நான் நிமிர்ந்து, “இல்ல ஐயா, ரெண்டு குடும்பத்துலயும் இல்ல” என்றேன். ஹப்ஸா தலையைக் குனிந்துகொண்டா.

திரும்பி வரும்போது வண்டிக்குள் அழுதபடி, தன் காக்காவான உங்களைப் பற்றிச் சொன்னா: “காக்காக்கும் இருந்த மச்சி. பன்னெண்டு வயசு மட்டும். அவர்ட காலுலயும் சுட்டாங்க, வலிப்பு ஒண்டுக்கும் கேக்கல்ல. வளர வளரத்தான் தன்னால நிண்ட. கலியாணம் முறிஞ்சிரும் எண்டு உம்மா எங்க எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கிட்டா.”

உங்கள் வலது காலில் உள்ள தழும்பைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன். சம்மாந்துறை வயலில் கொள்ளியை மிதித்தது என்றீர்கள். நானும் நம்பி, ஆறின காயத்துக்கு எண்ணெய் தடவிவிட்டேன்.

மாமி சல்மா உம்மா கலியாணத்துக்காக மறைத்ததை நான் மன்னிக்கப் பார்க்கிறேன். அன்று தெரிந்திருந்தால் என் வாப்பா சம்மதித்திருக்க மாட்டார். நானும் பயந்திருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெருநாளன்று உங்களிடம் யார் சத்தியம் வாங்கினார்கள்? பிள்ளை விழுந்ததும் உங்கள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். பாசம் என்று நினைத்தேன். அது என்ன நோய் என்று அந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சூடு எப்படி வலிக்கும் என்றும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மந்திரக்காரருக்கு ஓம் சொல்லிவிட்டு, விடியப் பதுளைக்கு வஸ் ஏறினீர்கள்.

வேறு சேதி: மழை முந்திவிட்டது. தறிக்கொட்டில் ஒழுகுகிறது, கூரைக்கு ஓலைக் கிடுகு மாற்ற வேண்டும். குளிசை தொடங்கி ஐந்து கிழமையில் ஒரே ஒரு தரம்தான் வலிப்பு வந்தது, அதுவும் சின்னதாக. ஒரு பக்கம் சரித்துக் கிடத்திக் கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

உங்கள் இரகசியத்தை நான் என் உம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. அதை நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வருவீர்களா மாட்டீர்களா என்று தெரியாது. வற்புறுத்தவும் எனக்கு மனம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முந்தாநாள் றாஹிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “உம்மா, துன்யாவுல இரிக்கிற எல்லாரிலயும் எனக்கு மட்டும்தானா இந்த வலிப்பு வருத்தம்?” என்று கேட்டாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டு, சீப்பெடுத்து அவளுக்குத் தலை இழுத்துவிட்டேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் மச்சான். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், அதனால் பெரிய எழுத்தாக எழுதுங்கள். உங்களுக்கும் இருந்தது என்று ஒரு வரி போதும்.

அல்லாஹ் உங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதும் தைரியத்தைத் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
றாஹிலாவின் உம்மா
நாச்சியா