கிழக்குச் சுவரை உடைக்கும் முன்

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை மைதீன்,

நீ போன பிறகு ஒரு நோன்புப் பெருநாளும் வந்துபோய்விட்டது. மையவாடிக்கு வந்து உன்னை அடக்கிய இடத்தில் நின்று பேசலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது வந்து, "என்ன வாத்தியாரே, தனியா நிக்கிறீக?" என்று கேட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நாளைக் காலை பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கவும் போகிறேன். நாம் இருவரும் பேசிக்கொள்வதை இந்த ஒரு தடவை ஊர் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முல்லையாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் எல்லாம் பச்சை. உன் மகள் ஜெய்னம்பு அஞ்சாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைப் போலவே வாய்ப்பாட்டை ராகம் போட்டுத்தான் சொல்கிறாள். நடுவில் இருமுகிறாள், மாப்பிள்ளை. உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். தூசிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். உனக்கும் முதலில் அப்படித்தானே சொன்னார்கள்?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பாய். சரி, நான் அரண்டவன்தான். ஆனால் நாம் பள்ளிக்கூடம் நடத்திய இடம் நிஜமாகவே இருட்டு அல்லவா? மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை வைக்க உன் அத்தா கட்டிய கிட்டங்கி அது. வெளிச்சம் பட்டால் காய் வெளுத்துவிடும் என்று ஒரு பொந்துகூட விடாமல் கட்டினார். அந்தச் சரக்கைக் காலி செய்துவிட்டு அதே நாலு சுவருக்குள் நாம் பிள்ளைகளை உட்காரவைத்தோம். வாசல் கதவு ஒன்றுதான் வழி, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நமக்கும்.

நீ போன பிறகு புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். கதவருகே நின்றவர் உள்ளே வரவே கொஞ்சம் தயங்கினார். கட்டட விதிகள் அச்சடித்த சிறு புத்தகத்தை என் கையில் கொடுத்து, ஆடி பிறப்பதற்குள் ஜன்னல் வைக்காவிட்டால் அங்கீகாரம் ரத்து என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. மெட்ராஸில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் என்ன தெரியும் என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நோஞ்சான் பிள்ளைகளை ஊர் ஊராப் பாத்துட்டுத்தான் இதை எழுதியிருப்பாங்க, வாத்தியார். உங்க கூட இருந்த ஆசிரியர் எதுல இறந்துபோனார்?" என்றார். நெஞ்சு நோயில் என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த அறைதான் உன்னைக் கொண்டுபோனதா? இல்லை, உன் விதி அதுதானா? யாரைக் கேட்பேன்?

ஜன்னல் வைப்பது என்று முடிவாயிற்று. எந்தச் சுவரில் என்பதில்தான் வந்தது வினை. வடக்கும் தெற்கும் அடுத்த வீட்டுச் சுவர்கள். மேற்கே வயல். கிழக்கே கடைத்தெரு, அந்தப் பக்க மூலையில்தான் வாசல் கதவு. தெருப் பக்கம் ஜன்னல் என்றதும் ஊரே எழுந்து நின்றது.

"பொம்பளப் பிள்ளைக உக்காந்து படிக்கிற இடம். போறவன் வாறவனெல்லாம் எட்டிப் பாப்பான்" என்றார் பலசரக்குக் கடை இப்ராகிம்.

"உசரத்துல வச்சுக்கிருவோம். நடந்து போறவனுக்குத் தெரியாது" என்றேன்.

"நடந்து போறவனுக்குத் தெரியாது. வைக்கோல் வண்டி மேல உக்காந்து போறவனுக்கு?" என்று கேட்டார் மேலத்தெரு சின்னக்காளை. அவர் மகள் நாலாம் வகுப்பு. "அங்கன ஜன்னல் வச்சீகன்னா எம்பிள்ளய நிப்பாட்டிப்புடுவேன். சொல்லிட்டேன்."

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறையான ரகமத்தும் கதவுக்குப் பின்னால் நின்று, "தெருப் பக்கம் வேணாம்ண்ணே" என்றுதான் சொன்னது. கட்டடம் அதனுடையது. அதற்கு மேல் நான் என்ன பேச? வயல் பக்கம் மட்டும் பெரிது பெரிதாக ஜன்னல் திறந்தோம். எல்லோருக்கும் சம்மதம், எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாள் வெயில் உள்ளே விழுந்தபோது, பிள்ளைகள் தங்கள் சிலேட்டுப் பலகைகளையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நீ இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்தது, காற்று கிளம்பியது. நம் பள்ளத்தாக்குக் காற்றை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மேற்கு மலையிலிருந்து இறங்கினால் ஆளைத் தள்ளும். அது நேராக நம் ஜன்னல்களில் நுழைந்தது. நுழைந்ததற்கு வெளியேற வழி இல்லை, வாசல் கதவையும் அதுவே அறைந்து சாத்திவிட்டது. போன வாரம் மத்தியானம் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது கூரைத் தகரம் மேலே எழும்பியது. ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது. கிழக்கோரத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது.

தெருவில் அந்நேரம் யாரும் இல்லை. பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடவுள் புண்ணியம், உன் அல்லாவின் கருணை, இரண்டையும் சொல்லிவிட்டேன். தகரம் போன இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாத்தியார் மாமா, வானம் தெரியுது!" என்றாள் உன் மகள்.

பிள்ளைகளைப் புளிய மரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டு, அந்த விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஜன்னல்கள் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. ஒரு பக்கம் வருகிற காற்று மறு பக்கம் போக வேண்டும் என்று காரணத்தையும் சொல்லியிருக்கிறது. நானும் படித்தேன், இன்ஸ்பெக்டரும் சொன்னார். சட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை ஊர் மானத்துக்கு விட்டுக்கொடுத்தோம். பாதிச் சட்டம் கூரையைத் தூக்கிவிட்டது.

இப்போது என் நிலைமையைக் கேள். சாரல் விழத் தொடங்கிவிட்டது, மரத்தடியில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். மேற்கு ஜன்னலை அடைத்தால் பழைய இருட்டு, பழைய இருமல், அங்கீகாரமும் போய்விடும். அடைக்காமல் விட்டால், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், தகரம் எந்த மூலைக்கு? கிழக்கைத் திறந்தால் சின்னக்காளையும் இப்ராகிமும் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொரு பயமும் இருக்கிறது. உத்திரத்தின் ஒரு முனை கிழக்குச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இடிப்பேன் என்று கொத்தனார் சத்தியம் செய்கிறார். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று தங்கச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால்தான் நின்றது. உள்ளே ஜெய்னம்பு இருமும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அவுக கடைசி நாள்ல என்ன கேட்டாக தெரியுமா? கதவத் தொறந்து விடு, ரகமத்து, மூச்சு முட்டுதுன்னாக. தொறந்துதான் கெடக்குதுன்னு சொன்னேன். இன்னும் தொறன்னாக" என்றது.

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெருப் பக்கமும் ஜன்னல் வைங்கண்ணே. பாக்குறவன் பாத்துட்டுப் போகட்டும். பிள்ளைக படிக்கிறதத்தான பாக்கப் போறான்?" என்றது. பிறகு, "சொவத்துலருந்து மொதக் கல்ல கொத்தனார் எடுக்க வேணாம். தெருவுல வச்சு எம்மகள எடுக்கச் சொல்லுங்க. நானும் வந்து நிக்கிறேன்" என்றது.

நீ போன பிறகு வாசற்படி தாண்டாத தங்கச்சி அது. கடைத்தெருவில் வந்து நிற்கிறேன் என்கிறது. இதைக் கேட்ட பிறகும் நான் பயந்துகொண்டிருந்தால் என்னை என்னவென்று சொல்வாய்?

பயம் இருக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நாளைக் கூட்டத்தில் இதை வாசித்து முடித்ததும் எத்தனை பேர் எழுந்து போவார்கள் என்று தெரியாது. சின்னக்காளை அண்ணே, இப்ராகிம் மாமா, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். கோபப்படுங்கள், என்னைத் திட்டுங்கள், பிள்ளைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் திறந்து, காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவதை நானே உள்ளே உட்கார்ந்து பார்க்கும்வரை ஒரு பிள்ளையையும் அந்தக் கூரைக்கடியில் உட்காரவைக்க மாட்டேன். அதன் பிறகு உன் மகளுக்குக் கிழக்கு ஜன்னலோரம்தான் இடம். நீ கேட்ட கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறோம்.

உன் மகளுக்குத் தாய்மாமன் முறையில் நிற்கும்,
உன் மச்சான்
முத்தையா