ராணி ஏரிக் கரையும் உன் நாவல் மரமும்

சின்னமேடு,
புத்தூர் வழி.
சார்வரி வருஷம், ஐப்பசி 28

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் நைனா, அண்ணன் சிட்டிபாபு, அண்ணி செல்வி, கறவை மாடு எல்லோரும் ஏழுமலையான் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் சுகம்தான் என்று நீ உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், போன தடவைபோல மாப்பிள்ளையை எழுதச் சொல்லி நீ கையெழுத்து மட்டும் போட்டால் ஆகாது. ஐந்தாம் மாதத்தில் குமட்டல் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை என்றால் காலையில் வெறும் வயிற்றில் டீ குடிக்கிறாய் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா உன்னை. தீபாவளிக்குக்கூட அம்மா ஒரு கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய், நியாயம்தான். நைனா எழுத விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லக்கூடாத விஷயம் என்றார். நானா சும்மா இருப்பேன், இன்று அவர் படகுக்குக் கீல் பூசப் போன நேரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ராணி ஏரிக் கரை நிற்கிறது, கரைக்குக் கீழே நம் வீடும் நிற்கிறது, பதறாமல் படி.

மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. கல்யாணத்தின்போது ஏரியைப் பார்த்தாரே தவிர அதன் கதை அவருக்குத் தெரியாது. பயிருக்கென்று வெட்டிய ஏரி இல்லை இது, அந்தக் காலத்து ஜமீன்தார் தன் ராணி படகில் உலாவ ஆசைப்பட்டாள் என்று ஓடையை மறித்து மண்ணைக் கொட்டிக் கட்டிய கரை. மதகு கிடையாது, தண்ணீர் மிஞ்சினால் வழிய ஒரு கலங்கல் உண்டு, அவ்வளவுதான். ராணியும் போனாள், ஜமீனும் போயிற்று, படகு மட்டும் நைனாவிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் கட்டுச்சோற்றோடு வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பங்குனியில் எல்லை பிரித்து ஏரியின் கிழக்குக் கோடி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனதிலிருந்து பெருமை இன்னும் கூடிவிட்டது. ஆந்திராவில் ஏற்றி மெட்ராஸில் இறக்கிவிடுகிறேன், டிக்கெட் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், அவர்களும் சிரிக்கிறார்கள். இந்தக் கரைமேல்தான் நம் ஊரில் பிள்ளை பிறந்தால் ஒரு மரம் வைப்பது. மேல்தெரு, கீழ்த்தெரு என்றில்லை, எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கரையும் பலப்படும், பிள்ளையும் பலமாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது. உன் நாவல் மரத்தை நைனா வைத்தது நம் வீட்டுக்கு நேர் மேலே, நாக்கு ஊதாவாகப் பழம் தின்றுவிட்டு இல்லவே இல்லை என்று நீ சாதித்ததும் அங்கேதான்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை நைனாவின் வேட்டியை செல்வி துவைத்துக் காயப்போட்டாள், பார்த்தால் செம்மண் நிறம். கரை அடியில் கசிகிற ஊற்றில்தானே நாம் எல்லோரும் துவைப்பது, கண்ணாடி மாதிரி இருக்குமே அந்தத் தண்ணீர். சோப்பைக் காட்டினாயா இல்லை துணிக்குக் கதை சொன்னாயா என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். மறுநாள் அவள் ஊற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து என் எதிரில் வைத்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் அடியில் சேறு படிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன், நான் வாயை மூடியதைக் கொண்டாட உன் அண்ணன் ராத்திரி பாயசம் கேட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா, படகேற வந்தவர்களில் வெங்கடரமணன் என்று திருப்பதி ஓவர்சியர் ஒருவர் இருந்தார். நைனாதான் பேச்சுவாக்கில் வேட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே விட்டுவிட்டு ஊற்றடிக்கு வந்து குனிந்து பார்த்தார். நீள்ளு ராவடம் தப்பு காது, மன்னு ராவடமே தப்பு என்று தெலுங்கில் சொன்னார். கரையில் தண்ணீர் கசிவது குற்றமில்லையாம், அந்தத் தண்ணீர் மண்ணையும் அழைத்துக்கொண்டு வருவதுதான் ஆபத்தாம். உள்ளே வேர் போன வழியெல்லாம் தண்ணீருக்கு வழியாகிவிட்டது, ஊற்றுக்கு மேலே நிற்கும் ஐந்து மரங்களை எடுத்து, வேரோடு தோண்டி, களிமண் போட்டு மிதிக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏரித் தண்ணீரை இறக்க வேண்டும், ஐப்பசி மழைக்குள் செய்யாவிட்டால் கீழே இருக்கிற வீடுகளுக்குத் தான் பொறுப்பு சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிட்டிபாபு இரண்டு ராஜ்யத்து ஆபீசுக்கும் அலைந்தான். ஒரு பக்கம் இது பாசன ஏரி இல்லை, உல்லாச ஏரி, எங்கள் கணக்கில் வராது என்றார்களாம். மறு பக்கம் எல்லைக்கல் நட்டு முடிந்த பிறகு வா என்றார்களாம். தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்தா வரும், நாமே செய்துகொள்வோம் என்று ஊர் கூடிப் பேசிக் கலங்கலை உடைத்துத் தண்ணீரை இறக்கினோம். ஐந்து மரத்தில் நான்கு கீழ்த்தெருக்காரர்கள் பிள்ளைகளுக்கு வைத்தது. அவர்கள் கையாலேயே வெட்டினார்கள். ஐந்தாவது உன்னுடையது. நைனா போய் அதன் அடியில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் சோற்றுக்குக்கூட வரவில்லை. என் பொண்ணு ரெண்டு உசுரா தூர தேசத்துல இருக்கறா, அவ மரத்துல கோடாலி படக்கூடாது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று ஒரே பிடிவாதம். எனக்கும் உள்ளே திக்கென்றுதான் இருந்தது தாட்சு, பொய் சொல்ல மாட்டேன். சிட்டிபாபு சொல்லிப் பார்த்தான், ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், மனுஷர் அசையவில்லை, வடக்கே மேகம் வேறு கட்டிக்கொண்டு நிற்கிறது.

நம் வீட்டுக்கு அடுத்து கரையை ஒட்டி இருக்கிற கூரை வீடு துலுக்காணத்தினுடையது என்று உனக்குத் தெரியும், ஏர் பிடிக்க நமக்கு வருவானே. அவன் பெண்டாட்டி செங்கம்மாவுக்கு அப்போது நிறைமாதம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் மரத்துக்குக் கீழே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேர் எதிரில் நைனாவிடம் கேட்டுவிட்டேன், "உங்க பொண்ணு வயித்துல இருக்கறது புள்ள, செங்கம்மா வயித்துல இருக்கறது இன்னா, கல்லா?" என்று. நைனா என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னார், கற்பூரம் ஏற்றி உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார், கோடாலியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. முதல் வெட்டும் அவர்தான், கடைசி வெட்டும் அவர்தான். வேரைத் தோண்டினபோது உள்ளே ஒரு பொந்து. நைனா கையை விட்டார், தோள்வரைக்கும் போயிற்று. எடுத்தபோது கை முழுக்க ஈரச்சேறு.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். இரண்டு ராஜ்யத்துப் பக்கத்து ஆட்களும் மண் சுமந்தார்கள், அங்கேயும் இங்கேயும் அக்கா தங்கைகளைக் கொடுத்தவர்கள்தானே. பொந்தில் களிமண் நிரப்பி, மிதிக்க ஆள் போதாமல் ஆட்டு மந்தையை அதன்மேல் விட்டு ஓட்டினோம், உடைத்த கலங்கலையும் திரும்பக் கட்டினோம். திரும்பி வந்து பார்த்த ஓவர்சியர் ரோலர்கூட இவ்வளவு அழுத்தாது என்று சிரித்தார். செல்வி ஊருக்கே கூழ் காய்ச்சினாள், உப்புப் போட மறந்துவிட்டாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேட்டி விஷயம் நினைவிருந்தது. தீபாவளி முடிந்து பிடித்தது மழை. மூன்று நாள் ஊற்றினது, ஏரி ஏறி ஏறிக் கலங்கலில் சத்தத்தோடு வழிந்தது. நான் பொழுதுக்கும் சொம்பும் கையுமாக ஊற்றடிக்கு நடந்துகொண்டிருந்தேன். எத்தனை தடவை பிடித்து வைத்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, சொம்பின் அடி பளபளவென்று தெரிந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன், வேறு என்ன செய்வது.

அந்த மழையில் இரண்டாம் நாள் மத்தியானம் செங்கம்மாவுக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சியால் ஓடையைத் தாண்ட முடியவில்லை, நானும் செல்வியுமே பார்த்துக்கொண்டோம். நைனா வாசலில் நின்று மழைக்குச் சாக்கு போட்டுக்கொண்டு, தண்ணி தெளிவாத்தான் வருது, பயப்படாதேம்மா என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பேர் வைக்கிற அன்று எங்களைக் கூப்பிட்டார்கள். நைனா தலை நிமிரவில்லை. செங்கம்மாதான் பிள்ளையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்து, "மரத்த வெட்டிட்டமேன்னு நெனச்சிக்கினு இருக்காதீங்க நைனா, இவதான் இனிமே தாட்சாயணி" என்றாள். ஆக, கரைமேல் உன் மரம் இல்லை அம்மா, கரைக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது, ஊரைக் கூட்டி அழுகிறது, உன் தொண்டை அப்படியே. இனி கரைமேல் புல்தான், மரம் வைப்பதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு. அந்தக் குட்டிக்கு நம் கிணற்றுமேட்டில் ஒரு நாவல் செடி வைத்தாயிற்று, பக்கத்தில் இன்னொரு குழியும் நைனா வெட்டி வைத்திருக்கிறார், யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. உன் மரத்தில் ஒரு பலகை அறுத்துப் படகில் உட்கார இடம் செய்கிறார், நாவல் பலகை தண்ணீரில் அழுகாதாம்.

தை பிறந்ததும் மாப்பிள்ளையோடு புறப்பட்டு வா, வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று. ரயிலில் ஜன்னலோரம் உட்காராதே, கரித்தூள் கண்ணில் விழும். பப்பாளியைத் தொடாதே. எல்லாவற்றையும்விட முக்கியம், நான் எழுதினேன் என்று சொல்லாமல், நைனா பெயருக்குத் தனியாக ஒரு கார்டு போடு. நீ நன்றாக இருக்கிறாய், பிள்ளை உதைக்கிறது என்று இரண்டு வரி போதும். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஆனால் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு, மரம் இருந்த இடத்தில் போய் நிற்கிறார்.

தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டியோடு நிறைந்து இரு.

உன் அம்மா,
அலர்மேல்மங்கை