வாசல் தொட்டிக்கு நீலப் பூ

ஜூன் 8, ஞாயிறு

கத்திரி முடிந்து பத்து நாளாகிறது. அனல் குறையவில்லை.

இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம். கீழே நாங்கள், மாடியில் ஓனரம்மா. வாசல் ஓரம் அவர் கட்டி வைத்த சிமெண்ட் தொட்டி, ஆறடி நீளம். உள்ளே செத்த குரோட்டன்ஸ், பீடித் துண்டு, பால் கவர். செடி வைக்கவா என்று கேட்டேன். "நீயே இன்னாவாவது வச்சிக்கோம்மா" என்றார். நல்லவர்தான் போல.

முடிவு: தொட்டி முழுக்க நீலம். லேப்பில் காலை ஏழு மணியிலிருந்து ரத்தம் எடுத்து, ரத்தம் பார்த்து, ரத்தம் கழுவி... வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டும்.

மண் கொத்தினேன். சாணி எரு ஒரு மூட்டை. பாப்பா தண்ணீர் ஊற்றுகிறேன் என்று என் மேல் ஊற்றினாள். ஆறாவது படிக்கிறாளாம்.

இவர் டூட்டி முடித்து வந்தார். நீலம் என்றதும் முகம் மாறியது.

"நீலம் வேணாம். வேற கலர் வை."

"ஏன்?"

"கேப்பாங்க."

பஸ்ஸில் நாள் முழுக்கச் சத்தம் போடுகிற கண்டக்டர். வீட்டு ஓனர் முன்னால் மட்டும் குரல் இறங்கிவிடும். நாலு வருஷத்தில் மூன்றாவது வீடு. முதல் இரண்டிலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று துருவித் துருவி, தெரிந்ததும் காலி செய்ய வைத்தார்கள். இங்கே களமருதூர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காலனி என்று சொல்லவில்லை. ஓனரம்மாவும் கேட்கவில்லை.

நான் என்ன நீலக் கொடியா ஏற்றுகிறேன்? பூச்செடி. கோபத்தில் எரு கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டேன்.

ஜூன் 15

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு நர்சரி. "நீலத்துல இன்னாங்க இருக்குது. ரோஸ் எடுத்துக்கினு போங்க, ஜாஸ்தி பூக்கும்." நீலம் என்று அவன் காட்டியது நாலு செடி. நாலும் ஊதா. வாதாடி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நானே பட்டியல் போட்டேன்.

ஆடி முதல் கார்த்திகை: சங்குப்பூ. அடுக்கு வேண்டாம், ஒற்றை. விதை ஊன்றியாயிற்று.
மழைக்கு: விஷ்ணுகிரந்தி. காலையில் விரிந்து மதியம் மூடிவிடும். எனக்கு ஞாயிறு மட்டும்தான் தரிசனம்.
பனிக்கு: டிசம்பர் பூ. அது நீலம் என்பது என் கட்சி. ஊதா என்பது பாப்பா கட்சி.
மாசிக்கு மேல், வெயிலுக்கு: ப்ளம்பாகோ. வெளிர் நீலம். எங்கும் கிடைக்கவில்லை. தேட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரவு மழை. கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. நேற்று சாயங்காலம் ஒன்பது மொட்டு எண்ணினேன். முதல் பூ. விடிந்ததும் ஓடி வந்தால் ஒன்றுகூட இல்லை. காம்புதான்.

மாடியில் மணிச் சத்தம். சாம்பிராணி வாசனை. புரிந்துவிட்டது.

ஓனரம்மா தானாகவே சொன்னார். "ஆடி வெள்ளி இல்ல? சாமிக்குத்தானே. சாமிக்குப் பறிக்க யாராவது கேட்டுக்கினு பறிப்பாங்களா?"

கேட்க வேண்டாம், சரி. ஊர் முழுக்க இதுதான் சட்டம். விடியலில் கிண்ணத்தோடு இறங்கினால் யார் வீட்டுப் பூவும் சாமி பூ. நட்டவளுக்கு ஒன்றே ஒன்று விட்டு வைக்கக் கூடாதா?

"பறிச்சாதாம்மா நல்லா பூக்கும்." இது வேறு.

சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 31

இவருக்கு லீவு. வண்டியில் மூன்று பேரும் கல்வராயன் மலை. வெள்ளிமலை போகிற வழியில் ரோட்டோரம் கானாவாழை பூத்துக் கிடந்தது. நீலம் என்றால் இதுதான் நீலம். அந்த நர்சரிக்காரனைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். வேரோடு இரண்டு எடுத்துப் பால் கவரில் சுற்றிக்கொண்டேன்.

"இது களை. நம்ம ஊரு வரப்புல மிதிச்சிக்கினு போவோம்" என்றார் இவர்.

மிதித்தால் மிதித்தோம். இனி தொட்டியில் இருக்கட்டும்.

செப்டம்பர் 17

கானாவாழையைப் பிடுங்கி எறிந்துவிட்டார் ஓனரம்மா. களையாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று சங்குப்பூ பதினாறு. எனக்கு மிச்சம் பூஜ்யம். ஐந்து மணிக்கே எழுந்து தொட்டி பக்கத்தில் நின்றேன், பார்த்தாலாவது கூசுவார் என்று. என்னோடு பேசிக்கொண்டே பறித்தார்.

"உன் கை ராசிம்மா. நீ வச்ச பூ சாமிக்கு அப்படி எடுப்பா இருக்குது."

சுகர் பார்க்கவும் என்னிடம்தான் விரலை நீட்டுகிறார். மற்றவர்கள் குத்தினால் வலிக்கிறதாம். இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு மறுநாள். விடியலிலேயே தூறல். பலகாரம் மிச்சம், எண்ணெய் வாடை.

ஓனரம்மாவின் நாத்தனார் வந்திருக்கிறார். உளுந்தூர்பேட்டை பக்கம் வாக்கப்பட்டவர். இருவரும் வாசலில். வழக்கம்போல ஓனரம்மா கையில் எவர்சில்வர் கிண்ணம், அதில் என் பூ.

"எந்த ஊரும்மா நீ?" நாத்தனார்தான் கேட்டார்.

"களமருதூர்ங்க."

"அட, நம்ம பக்கந்தான். களமருதூர்ல யாரு வூடு? எந்தப் பக்கம்?"

இதற்கு இவர் சொல்லிக்கொடுத்த பதில் இருக்கிறது: ஏரிப் பக்கம். வாய் வரை வந்தது. ஓனரம்மா மொட்டைக்கூட விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கிருந்தோ வந்தது.

"காலனிங்க."

கொடிக்குள் போன கை அப்படியே நின்றது. நாத்தனார் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்குது என்றார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அக்டோபர் 22

இருபத்து மூன்று பூ. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இரண்டரை மாதமாக இதைத்தானே கேட்டேன். லேப்புக்கு லேட். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 25, சனி

மாடிப் படியில் வரிசையாகச் சாமி படங்கள். ஓனரம்மா ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். விளக்கு, தட்டு, மணி எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் காய வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை துடைப்பார்கள், தெரியும். சனிக்கிழமை எதற்கு?

ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று பார்த்தேன். இல்லை. கிண்ணம் குப்பை வாளியில் கிடந்தது. எவர்சில்வர் கிண்ணம், ஒரு நெளிவு இல்லை.

இத்தனை நாள் என் பூவைத்தானே அந்தச் சாமி தலையில் வைத்துக்கொண்டிருந்தது? அது ஒன்றும் சொல்லவில்லையே. கை ராசி என்று சொன்ன வாய் எங்கே போயிற்று?

நவம்பர் 9

"பையன் பெங்களூர்லேர்ந்து வந்துக்கினு இருக்கான். தை பொறந்தா வூடு வேணும்மா. தப்பா நெனச்சிக்காத." சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இந்த மாதம் சுகர் பார்க்க என்னிடம் வரவில்லை.

இவரோடு பெரிய சண்டை. "ஏரிப் பக்கம்னு சொன்னா வாய் வலிக்குமா? பாப்பா ஸ்கூல் இங்க இருக்குது. நாலாவது வூட்டுக்கு எங்க போறது?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இன்னும் கத்தினேன். நான் பொய் சொல்லவில்லை, என்னை ஏன் கேட்கிறீர்கள், மாடிக்குப் போய்க் கேளுங்கள் என்றேன். பாப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

டிசம்பர் 14

டிசம்பர் பூ வந்துவிட்டது. ஊதாதான். பாப்பாவிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தோம். நல்ல வெளிச்சம். அந்த ஓனர் எந்தப் பக்கம் என்று கேட்க, இவர் ஏரிப் பக்கம் என்றார். ஏரிப் பக்கம் யார் வகையறா என்று கேட்டார். இவர் விழித்தார். "வூட்ல கேட்டுக்கினு போன் பண்றேன்" என்றார் அந்த ஓனர்.

வண்டியில் திரும்பும்போது இவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திட்ட வேண்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை.

டிசம்பர் 21

போன் வரவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பனி. எதிர் வீடுகூடத் தெரியவில்லை.

காலை ஷிப்ட் முடித்து வந்தவர் கையில் ஒரு கறுப்பு கவர். உள்ளே செடி. ப்ளம்பாகோ. நைனார்பாளையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு வீட்டு வேலியில் பார்த்தாராம், இறங்கிப் போய்க் கேட்டு வாங்கினாராம். "நீலந்தானே இது? பாத்துக்கோ." நீலம்தான். ஆறு மாதமாக நான் தேடியது.

வீடு கிடைக்கவில்லை, தை பிறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது, செடியோடு வந்து நிற்கிறார். கரண்டியை எடுத்துக் குழி பறித்தேன். இவர் தண்ணீர் பிடித்து வந்தார்.

மாடியிலிருந்து ஓனரம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, காலி பண்ற வூட்ல எதுக்குப் புதுச் செடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் நிமிர்ந்துவிட்டார்.

"வேற வூடு கெடைக்கற வரைக்கும் இங்கதாங்க இருப்போம். பூவும் இனிமே கொடியிலயே இருக்கும். நீங்கதான் காலனிப் பூன்னு பறிக்கறத வுட்டுட்டீங்களே."

தெருவுக்கே கேட்டிருக்கும். ஓனரம்மா உள்ளே போய்விட்டார். இவர் இன்னொரு பக்கெட் பிடித்து வந்து ஊற்றினார். தேவையே இல்லை, மண் ஏற்கெனவே ஊறித்தான் இருந்தது.