எல்லோரும் வழிவிட்டார்கள்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. போனில் பேசப் பயமாக இருக்கிறது. நீ அன்று போன் செய்து விலாசம் சொன்னது நல்லதாகப் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை கடைவீதி நகைக்கடையில் நடந்த கொள்ளையைச் செய்தியில் பார்த்திருப்பாய். எந்த வண்டியில் தப்பினார்கள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் ஓட்டினேன்.

அன்று ஆம்புலன்ஸுக்கு டீசல் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பங்க் வாசலில் மாஸ்க் போட்ட ஒருவன் முன் சீட்டில் ஏறினான். உன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "தம்பி எங்ககிட்டதான் இருக்கான். சொல்றபடி ஓட்டினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவான்" என்றான். நீ அவர்களிடமிருந்து தப்பி ஊரைவிட்டே போய் நாலு நாள் ஆகியிருந்தது, மறுநாள் நீ போன் செய்த பிறகுதானே எனக்குத் தெரியும்? "எங்க அக்கா சைரன் போட்டா போலீஸே வழிவிடும்" என்று நீ ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாயே, அதையும் சொல்லிச் சிரித்தான்.

கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டு பேர் பைகளோடு ஏறினார்கள். ஒருவன் ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டான். சைரன் போட்டேன். பஸ்கள் ஒதுங்கின. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, போம்மா போ என்று கையசைத்தார். ஓரமாக நின்ற ஒரு பெரியவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்.

பாலத்தின் மேல் போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முன் சீட்டில் இருந்தவன் சைரனை அணைத்துவிட்டு என் இடுப்பில் கத்தியை வைத்தான். "கடைவீதி நகைக்கடைக் காவலாளிக்குத் தலையில அடி, ரத்தம் நிக்கல. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, உடனே போங்க" என்றார்கள். வண்டி நின்றுவிட்டது என்று சொன்னேன். நிற்காமல் ஓட்டிக்கொண்டே சொன்னேன். வேறு வண்டி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்றாம்.

அந்த மனிதர் இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில்தான் நினைவில்லாமல் கிடக்கிறார். அவர் மனைவி வராந்தா பெஞ்சிலேயே இருக்கிறாள். முந்தாநாள் என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு வண்டி வர ஏம்மா அவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள். டிராஃபிக் என்றேன். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேனடா.

நேற்று மத்தியானம் வண்டி நிறுத்தும் இடத்தில் அந்த மாஸ்க் போட்டவன் மறுபடி நின்றான். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவையாம். என் வீட்டு ஜன்னல் திரையின் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து வண்டியின் பின்கதவைத் திறந்து பார்க்காமல் நான் ஏறுவதில்லை.

அவர்களோடு சேராதே என்று எத்தனை தடவை சொன்னேன்! போகட்டும், இப்போது திட்டி என்ன.

இன்று வியாழன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன். எல்லாவற்றையும் சொல்வேன். உன் பெயரையும்தான். அதை மட்டும் விட்டுவிட வழி உண்டா என்று நேற்றெல்லாம் யோசித்தேன், கிடைக்கவில்லை. நீ இருக்கும் இடத்தை மட்டும், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வரை, இரண்டு நாள் எப்படியாவது சொல்லாமல் இருப்பேன். அதற்குள் அங்கேயே ஒரு ஸ்டேஷனில் போய் நில்லு. உன்னைப் பிடித்து இழுத்து வந்தார்கள் என்று நான் கேட்கக் கூடாது.

போகும் முன் வயிறாரச் சாப்பிடு. அதுவரை யார் கதவைத் தட்டினாலும், குரல் தெரியாமல் திறக்காதே. அக்கா அனுப்பினாள் என்று சொன்னாலும் திறக்காதே. நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் கண்ணா.

உன் அக்கா