மதுக்கடையில் எழுந்த துதி

மகனே,

ஞாயிறன்று உன் தாயின் நினைவாக ஆலயத்தில் ஜெபம் ஏறெடுத்தோம். நீ வரவில்லை. வெளியே வந்ததும் நம் சபையின் வெர்னன், "உம் பையன் எங்கய்யா, இன்னைக்கும் சாக்கர் மேட்ச்தானா?" என்று சிரித்தான். காய்ச்சல் என்று ஆலய வாசலிலேயே பொய் சொன்னேன்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் நம் கான்சாஸ் ஃபுட்பால், போதகர் ஆமென் சொல்லும்வரை காத்திருக்கும். நீ தழுவிய, காலால் உதைக்கும் சாக்கரோ இங்கிலாந்திலிருந்து டிவியில் காலையிலேயே வந்து கர்த்தருடைய வேளையைத் திருடுகிறது.

வீடு திரும்பும் வழியில், ஆட்டம் காட்டும் மதுக்கடையின் கண்ணாடி வழியே உன்னைக் கண்டேன். நம் சபை வாலிபரில் பாதிப்பேர் உன்னோடிருந்தனர். கழுத்தில் உன் அணியின் சிவப்புத் துண்டுடன், கண்மூடி, கைகளை உயர்த்தி அந்த அணியின் பாட்டைப் பாடினாய். ஆலயத்தில் ஒருநாளாவது நீ அப்படிப் பாட வேண்டும் என்றுதான் உன் தாய் சாகும்வரை முழங்காலில் நின்று ஜெபித்தாள்.

நவம்பரில் நன்றி நாள் குடும்ப விருந்துக்கு வராதே. அவளுக்கும் எனக்கும் மட்டுமே நாற்காலி போடுவேன்.

உன் தகப்பன்