விரித்த குடை

1931, ஐப்பசி. ஞாயிறு இரவு.

பல் ஒன்று ஆடுகிறது. வாயைக் கொப்பளித்தால் இன்னும் ரத்தம்தான் வருகிறது.

ஜொகூர் பாருவை இரண்டு நாள் சுற்றிக் காட்டுகிறேன் என்று என் மனைவி கமலத்தை ரப்பர் தோட்டத்திலிருந்து நான்தான் அழைத்துப் போனேன். நேற்று சிங்கப்பூர்ப் பாலத்தில் ரயில் போவதைப் பார்த்தோம். இன்று மத்தியானம் கடலோரச் சுவரில் முனியன் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் வரை எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவன். தலைக்கு மேல் குடை விரித்திருந்தான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான் எதிரே வந்தால் கூலிகள் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும்.

"குடைய மடக்குடா, நாயே" என்றேன்.

"இது உங்க தோட்டமில்லீங்க, கிராணியாரே" என்றான். எழுந்திருக்கவே இல்லை.

கையிலிருந்த பிரம்பால் முகத்தில் விளாசினேன். காது கிழிந்து அவன் சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கியபோது பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். பிறகு ஒரே அறை. கமலத்தின் காலடியில் போய் விழுந்தேன். அவனைக் கொன்றிருக்க வேண்டும்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது மழை கொட்டியது. என் குடையில் இருவரும் ஒண்டிக்கொண்டு நடந்தோம். எதிரே ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். யாரென்றே தெரியாது. என் கை தானாகக் குடையை மடக்கிவிட்டது. ஓரமாக நனைந்துகொண்டு நின்றோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

கமலம் என் கையிலிருந்து குடையை வாங்கி விரித்து, தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.